பத்து நொடி முத்திரை

நெசவாளர் வீட்டில் தறிக்குழியின் அருகே ஒரு வானொலிப் பெட்டி இருப்பது நமக்குப் புதிதன்று. கண்ணும் கையும் காலும் தறிக்கு உரியவை. காது மட்டுமே ஓய்வாக இருப்பது. பூந்தோட்டக்காரர் நிலையும் அதுவே. இருள் பிரியுமுன் மொட்டுப் பறிக்கிறவர், இடுப்பில் மடியும் மடியில் கைப்பேசியுமாகச் செடிக்குச் செடி நகர்ந்துகொண்டே கேட்கிறார். இவ்விரு சாராருக்கும் வானொலியை நின்று கவனிக்கப் பொழுதில்லை. வேலைக்கு நடுவே காதில் விழுவதைக் கொண்டு, "இது நமக்கானது" என்று அந்தக் கணமே அறிந்துகொள்ள வேண்டும்.

அவ்வாறு அறிவிப்பதற்காக வானொலிக்காரர்கள் ஒரு சிறு உபாயம் வைத்திருக்கிறார்கள். நிகழ்ச்சி தொடங்குமுன்னும் இரு நிகழ்ச்சிகளுக்கு இடையிலும், ஐந்து முதல் பத்து நொடி வரை, கொஞ்சம் இசையும் நிலையத்தின் பெயர் சொல்லும் ஒரு குரலும் வரும். தொழில் செய்வோர் இதைப் 'பம்பர்' என்கின்றனர். நாம் இக்கட்டுரையில் முத்திரை ஒலி என்றே வழங்குவோம். இதை ஏதோ அலங்காரம் என்று நாங்களும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தோம். அது தவறு என்று கற்றது எவ்வாறு என்பதையும், அத்தகைய ஒலியை அமைக்கும் முறையையும் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அகதி ஒருவர் தந்த இசை

இந்தியாவில் மிக அதிகமானோர் செவியில் விழுந்த முத்திரை எது என்று கேட்டால், விடையில் ஐயமில்லை. அகில இந்திய வானொலி காலை ஒலிபரப்பைத் தொடங்குகையில், தம்புராவின் சுருதியின் மேல் வயலின் இழைந்து எழும் அந்தச் சிறு இசைதான். சிவரஞ்சனி ராகத்தின் சாயல் அதில் உண்டு என்பர். அதை அமைத்தவர் வால்டர் காஃப்மன் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. 1907-ஆம் ஆண்டில் இன்றைய செக் நாட்டைச் சேர்ந்த கார்ல்ஸ்பாத் நகரில் பிறந்த யூதர் அவர். ஐரோப்பாவில் நாஜிகளின் கை ஓங்கிய நாட்களில், 1934-இல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார்.

வந்த புதிதில் இந்நாட்டு இசை அவருக்கு விளங்கவில்லை. விளங்காததைத் தள்ளிவிடாமல், விளங்கும் வரை கற்பது என்று முடிவு செய்தார். பம்பாய் வானொலி நிலையத்தில் மேனாட்டு இசைப் பகுதியில் பணியாற்றிக்கொண்டே நம் ராகங்களைப் பயின்றார். 1946-இல் இந்தியாவை விட்டுச் சென்று, பின்னர் கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்தார். வட இந்திய ராகங்களைப் பற்றி 1968-இலும் தென்னிந்திய ராகங்களைப் பற்றி 1976-இலும் பெரிய நூல்களை வெளியிட்டு, 1984-இல் காலமானார். வீடும் நாடும் இழந்து வந்த ஒருவர், தஞ்சம் கொடுத்த நாட்டுக்குக் காலைதோறும் ஒலிக்கும் ஒரு குரலை விட்டுச் சென்றார் என்பது நினைக்குந்தோறும் நெஞ்சைத் தொடும் செய்தி.

அந்த இசைக்கு அன்று வேறொரு பயனும் இருந்தது. பழைய பெட்டிகளில் ஊசியைக் கையால் திருப்பித்தான் நிலையத்தைப் பிடிக்க வேண்டும். இரைச்சலுக்கு நடுவே எங்கே நிறுத்துவது? நிகழ்ச்சி தொடங்குவதற்குச் சற்று முன்பே முத்திரை இசை திரும்பத் திரும்ப ஒலிக்கும். அது தெளிவாகக் கேட்கும் இடத்தில் ஊசியை நிறுத்தினால் நிலையம் பிடிபட்டது என்று பொருள். வழிப்போக்கனுக்குக் கோயில் கோபுரம் எப்படியோ, கேட்பவனுக்கு முத்திரை அப்படி.

சொல்லும் முத்திரை ஆகலாம். 'ஆகாசவாணி' என்ற பெயர் 1935-இல் மைசூரில் தொடங்கிய நிலையத்துக்கு இடப்பட்டு, பிற்பாடு தேசம் முழுவதற்குமாக ஏற்கப்பட்டது. "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்ற தில்லிக் குரல் எத்தனையோ ஆண்டுகள் நம் வீடுகளில் கடிகாரத்தின் வேலையைச் செய்தது. அவர் 2022-இல் மறைந்தபோது, முகம் பார்த்திராதவர்களும் வருந்தினார்கள். இசை ஏதுமின்றி, பெயரும் தொனியும் மாத்திரமே அங்கு முத்திரையாக நின்றன. அமெரிக்காவில் என்.பி.சி. நிறுவனத்தின் முத்திரையோ மூன்றே மூன்று மணி ஓசை. 1950-இல் அதை அந்நாட்டில் வணிகச் சின்னமாகவே பதிந்துகொண்டார்கள்.

நம் பக்கத்துக் கோபுரங்கள்

இவையெல்லாம் எங்கோ நடந்தவை என்று அங்கத்தினர்கள் எண்ண வேண்டாம். சென்னையில் வானொலி முயற்சி 1924-இலேயே தொடங்கியது. சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று அமைத்த ராஜதானி வானொலிக் கழகம், பணமுடையால் மூன்றாண்டுகளில் நின்றுபோயிற்று. அங்கத்தினர் சந்தாவை நம்பி நடந்த ஸ்தாபனம் அது. சங்கம் நடத்தும் நமக்கு அந்த முடிவின் காரணம் நன்றாகவே விளங்கும். பின்னர் 1930-இல் நகராட்சி அப்பணியை மேற்கொண்டது. 1938-ஆம் ஆண்டு ஜூன் 16-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் தொடங்கிற்று. கடற்கரைச் சாலையில் பேசிய பேச்சும் பாடிய பாட்டும் நம் ஆவடியில் எழுப்பிய ஒலிபரப்புக் கோபுரங்கள் வழியாகவே ஊர் ஊராகச் சென்றன. அம்பத்தூரிலும் ஆவடியிலும் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கம்பங்கள் பழகிய காட்சி.

வானொலியைக் குடியானவர் எவ்வளவு நம்பினர் என்பதற்குத் தஞ்சை ஜில்லாவே சான்று. 1960-களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற புதிய நெல் வந்தது. திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சி அதைச் சாகுபடி செய்யும் முறையைத் தொடர்ந்து எடுத்துரைத்தது. விவசாயிகள் அந்நெல்லுக்கு இட்ட பெயர் 'வானொலி நெல்'. விஞ்ஞானிகள் கொடுத்த எண்ணைக் காட்டிலும், சேதி சொன்ன குரலின் பெயரே வயலில் நிலைத்தது.

இன்றோ, பெரிய நிலையங்களைத் தவிரச் சமூக வானொலிகளும் இருக்கின்றன. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் தேதி தொடங்கிய நிலையம் இந்தியாவில் இவ்வகையில் முதலாவது. 2006-இல் விதிகள் தளர்ந்தபின், இலாப நோக்கமற்ற அமைப்புகளும் இத்தகைய நிலையம் நடத்தலாயின. 2008 அக்டோபரில் தெலுங்கானாவின் மாச்நூர் கிராமத்தில், வயலில் உழைக்கும் தலித் பெண்களே நடத்தும் 'சங்கம் வானொலி' எழுந்தது. சமூக வானொலியின் சக்தி பொதுவாக 100 வாட்டுக்கு மேற்படுவதில்லை. சுமார் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் சுற்றளவில்தான் கேட்கும். நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்புடன் அமைய வேண்டும் என்பது விதி. இந்தக் குறுகிய எல்லையே நமக்கு நன்மை. பூவிருந்தவல்லித் தோட்டத்துக்கும் ஆவடித் தறிக்கூடத்துக்கும் நடுவே சென்று வரும் சேதிக்கு உலகளாவிய ஒலிபரப்பு எதற்கு?

நாங்கள் கண்ட பாடம்

அத்தகைய நிலையம் ஒன்றில் வாரத்துக்குக் கால் மணி நேரம் நம்மைப் போன்ற ஒரு சங்கத்துக்குக் கிடைத்தது. நூல் வழங்கும் நாள், பூச்சந்தை நிலவரம், கடன் தவணை, மகாசபை அறிவிப்பு இவையே விஷயம். முதல் சில வாரங்கள் முத்திரை என்று எதுவும் வைக்கவில்லை. ஒரு பாட்டு முடிந்ததும் எங்கள் அறிவிப்பு நேராகத் தொடங்கிவிடும். விளைவு என்ன? நூல் வழங்கும் தேதி மாறியதை மூன்று வாரம் தொடர்ந்து சொல்லியும், நெசவாளர் சிலர் பழைய தேதியில் வந்து வெறுங்கையுடன் திரும்பினர். தறி ஒரு வாரம் சும்மா கிடந்தது. "பெட்டி பாடிக்கொண்டுதான் இருந்தது ஐயா. நம் சங்கம் பேசுகிறது என்று யார் கண்டார்?" என்று ஒருவர் கேட்டார். அவர் குடும்பத்துக்கு ஒரு வாரக் கூலி நஷ்டம். குற்றம் எங்களுடையது.

பிறகு நகரத்தில் விளம்பர ஒலி அமைத்துத் தருவோரிடம் காசு கொடுத்து ஒரு முத்திரை வாங்கினோம். முழக்கமான தாளம், எதிரொலி பூட்டிய குரல், எல்லாம் பளபளப்பாக இருந்தது. அங்கத்தினர் கூட்டத்தில் போட்டுக் காட்டினோம். பூந்தோட்டம் வைத்திருக்கும் அம்மையார் ஒருவர் மரியாதையாக, "இது எந்தக் கடை விளம்பரம், தம்பி?" என்று கேட்டார். கூட்டம் சிரித்தது, நிர்வாகக் குழு சிரிக்கவில்லை.

அதன்பின் நாமே செய்து பார்ப்போம் என்று இறங்கினோம். தறியின் ஒலியே நம் அடையாளம் என்று எல்லோரும் ஒப்புக்கொண்டனர். ஒலிவாங்கியைக் குழியின் அருகே வைத்துப் பதிவு செய்து வந்தோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்ட முதிய நெசவாளர், "இரயில் போகிறது" என்றார்! மிதியின் கனத்த ஒலி மட்டுமே அதில் விழுந்திருந்தது. "நாடா எங்கே போய் முட்டுகிறதோ அங்கே வையுங்கள், தறி பேசுவது அங்கேதான்" என்று அவரே வழி காட்டினார். பெட்டியில் நாடா முட்டும் 'டக்', பின் பலகை அடிக்கும் ஓசை என்று மாறி மாறி வந்தபோது, எவரும் சொல்லாமலே எல்லோர் முகமும் மலர்ந்தது.

குரல் யாருடையது என்பதில் ஒரு மாலை முழுவதும் வாதம் நடந்தது. கல்லூரி மாணவரின் திருத்தமான உச்சரிப்பு வேண்டும் என்றனர் சிலர். சங்கத்தின் மூத்தவர் பேச வேண்டும் என்றனர் சிலர். முடிவில், கடை விளம்பரம் என்று கேட்ட அம்மையாரையே பேசச் சொன்னோம். அவர் முதலில் மறுத்தார். "சங்கத்துக்காகக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், பங்கு கட்டியிருக்கிறேன். சங்கத்தின் பெயரை நான் உரக்கச் சொன்னதே இல்லையே" என்றார். பதினோராவது முறை சொன்னது சரியாக அமைந்தது. சந்தையில் விலை கூறுகிற அதே குரல், சிறிதும் மாற்றமில்லை.

அமைக்கும் முறை

இனி, செய்ய விரும்பும் சங்கங்களுக்காக முறையைச் சொல்வோம்.

முதலாவது, வாசகம். பத்து நொடியில் பன்னிரண்டு சொற்களுக்கு மேல் இடமில்லை. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. எட்டுச் சொற்களே நலம். சங்கத்தின் பெயர், யாருக்காக என்பது, வரும் நாள் இவை போதும். வரலாறும் வாழ்த்தும் வேண்டாம். பெயர் கடைசியில் வரட்டும். காதில் இறுதியாக விழுவதே மனத்தில் தங்கும்.

இரண்டாவது, பதிவு செய்யும் இடம். வெறும் சுவர் உள்ள அறை எதிரொலிக்கும். இதற்குப் பெரிய செலவு செய்து ஒலிப்பதிவுக் கூடம் தேட வேண்டியதில்லை. துணி அடுக்கிய நம் சங்கக் கிடங்கே முதல்தரமான கூடம்! நூல் கட்டும் மடித்த சேலையும் எதிரொலியை விழுங்கிவிடும். மின்விசிறியை நிறுத்துக. ஒலிவாங்கி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும். 'ப' வரும் இடங்களில் காற்று அடிக்காமலிருக்க, மெல்லிய துணியை ஒரு வளையத்தில் இழுத்துக் கட்டி நடுவில் நிறுத்தலாம். நெசவாளர் சங்கத்தில் அதற்கும் பஞ்சமில்லை.

மூன்றாவது, இசை. மூன்று முதல் ஐந்து சுவரம் போதும். அங்கத்தினர் வீட்டுக் குழந்தை ஒருமுறை கேட்டு வாயால் முணுமுணுக்க முடிந்தால் அது நல்ல முத்திரை. முடியாவிட்டால் இன்னும் சுருக்க வேண்டும். கனத்த ஓசையை நம்பக் கூடாது. கைப்பேசியும் சிறு பெட்டியும் அடித்தொனியை வெளியிடமாட்டா. தவிலின் தொப்பிப் பக்கமும் மிருதங்கத்தின் இடக்கைப் பக்கமும் அவற்றில் மறைந்து போகும். மத்திய அலை ஒலிபரப்பிலோ மிக நுண்ணிய மேல்தொனியும் போய்விடும். புல்லாங்குழல், வயலின், வீணையின் நடுஸ்தாயி ஆகியவை எந்தப் பெட்டியிலும் பிழைக்கும்.

நான்காவது, சேர்த்தல். முதல் ஒலி சட்டென்று தொடங்க வேண்டும். தயங்கித் தயங்கி வரலாகாது. எங்களுடையதில் நாடா நான்கு முறை முட்டுகிறது, குழல் மூன்று சுவரம் வாசிக்கிறது, குரல் வருகிறது. குரல் வந்த கணத்தில் இசையைப் பன்னிரண்டு முதல் பதினைந்து டெசிபல் வரை தாழ்த்த வேண்டும். குரல் முடிந்ததும் இசை மீண்டும் எழுந்து, இழுபடாமல் சுத்தமாக நிற்க வேண்டும். நெசவாளருக்கு இதை ஒரே வார்த்தையில் சொல்லலாம்: உடலும் கரையும் தனித்தனி நிறமானாலும் கோர்வையில் பிசிறு தெரியக் கூடாது. கணினியில் இவ்வேலை செய்ய 'ஆடாசிட்டி' போன்ற இலவச மென்பொருளே போதுமானது. ஐந்து நொடி, பத்து நொடி, இருபது நொடி என மூன்று அளவில் செய்து வைத்தால், நிலையத்தார் இடத்துக்குத் தக்கபடி பயன்படுத்துவர்.

ஐந்தாவது, சோதனை. இதையே பலர் விட்டுவிடுகின்றனர். நல்ல ஒலிபெருக்கியில் கேட்டு மகிழ்ந்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். நாம் கேட்க வேண்டிய இடம் தறி ஓடும் கூடம். நான்கு தறி ஓடுகையில், மலிவான பெட்டியில், பத்தடி தூரத்திலிருந்து பெயர் விளங்குகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் முதல் சோதனையில் தறியின் நிஜ ஒலி, முத்திரையிலிருந்த தறியொலியை முழுதும் மறைத்துவிட்டது. அதனாலேதான் குழலைச் சேர்த்தோம். தறியொலி தோட்டக்காரருக்கு, குழல் தறிக்காரருக்கு என்று பாகம் பிரிந்தது.

உரிமையும் ஊதியமும்

புகழ் பெற்ற சினிமாப் பாட்டின் முதல் அடியை வெட்டி ஒட்டிவிடலாம் என்று யோசனை சொல்வோர் எந்தச் சங்கத்திலும் இருப்பர். அது சட்டத்துக்கு விரோதம். நம் நாட்டின் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. இசையமைத்தவருக்கு அவர் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியானதிலிருந்து 60 ஆண்டுகள். வாசித்த கலைஞருக்கும் தனியே உரிமை உண்டு. சட்டம் ஒரு புறமிருக்க, வேறொன்றும் சிந்திக்கத் தக்கது. நாம் நெய்த கரையை வேறொருவர் விசைத்தறியில் நகல் எடுத்து விற்றால் எவ்வளவு கொதிக்கிறோம்! பிறர் உழைப்பை நாம் எடுப்பதும் அதுவேயன்றோ?

குழல் வாசித்த இளைஞருக்கு ஊதியம் வேண்டியதில்லை, நன்றி சொன்னால் போதும் என்று நிர்வாகக் குழுவில் ஓர் அபிப்பிராயம் எழுந்தது. மூன்று சுவரம்தானே என்றார்கள். நெசவுக் கூலியைக் கஜக் கணக்கில் மட்டும் பார்க்கும் வியாபாரியும் இதையே சொல்வான் என்று ஒருவர் எழுந்து கூறியதும் பேச்சு அடங்கிற்று. ஊதியம் கொடுத்தோம். அந்த இசை சங்கத்துக்கு உரியது என்று ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையொப்பமிட்டோம். இவ்வாறு எழுதிக்கொள்வது இருவருக்கும் பாதுகாப்பு.

முடிவாக

புதிய முத்திரை ஒலிக்கத் தொடங்கிய பின் வந்த நூல் வழங்கும் நாளில் எவரும் தேதி தவறவில்லை. முத்திரை ஒன்றினாலேயே அது நடந்தது என்று சொல்ல மாட்டோம். அறிவிப்பைப் பலகையிலும் எழுதினோம், வீடு வீடாகவும் சொன்னோம். ஆயினும், தோட்டத்தில் பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண், நாடாவின் 'டக்' கேட்டதும் பக்கத்துப் பாத்தியில் இருந்தவரைப் பேச்சை நிறுத்தச் சொன்னாளாம். இதைக் காட்டிலும் வேறு பாராட்டு எங்களுக்குத் தேவையில்லை.

பூவிருந்தவல்லியில் தோட்டங்கள் மனைகளாகின்றன. அம்பத்தூரிலும் ஆவடியிலும் ஆலைச் சங்கும் வாகன இரைச்சலும் பெருகிவிட்டன. இத்தனை ஓசைக்கு நடுவே நம் தொழிலின் ஓசை அமிழ்ந்துபோகாமல் இருக்க வேண்டுமானால், அதை நாமே எடுத்து ஒலிக்கச் செய்ய வேண்டும். நூற்றுக்கணக்கான சேலைகளுக்கு நடுவே கரையைப் பார்த்து ஊரைச் சொல்லுகிறவர்கள் நாம். பத்து நொடிக்குள் சங்கத்தைச் சொல்லும் ஒரு கரையை நெய்வது நமக்கு இயலாததன்று. நம் சங்கங்கள் ஒவ்வொன்றும் அதற்கு முனைவதாகுக!